மூவர் நின்ற செய்தியில் நீ கேட்ட கேள்வி

தம்பி,

உன் கல்யாணப் பத்திரிகை வைக்கும் வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. அறந்தாங்கிப் பக்கத்துச் சொந்தங்களுக்கு நானும் அம்மாவும் நேரில் போய் வைத்துவிட்டோம். மீமிசலை உன் சித்தப்பா பார்த்துக்கொண்டார். ஜெகதாப்பட்டினத்தில் நம் தெருவும் கடற்கரைப் பக்கமும் மட்டும் கடைசிவரை பாக்கி இருந்தது. அதிலும் ஒரு வீட்டை நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். எந்த வீடு என்று உனக்குத் தெரியும். போனில் நீ, "எல்லாருக்கும் வச்சாச்சாப்பா?" என்று கேட்டபோதெல்லாம், "வச்சுக்கிட்டே இருக்கோம்" என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். நேற்று சாயங்காலம் அந்த வீட்டுக்கும் போய்விட்டு வந்தோம். அங்கே நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். அதற்கு முன், இத்தனை மாதமாக உன்னிடம் முழுதாகச் சொல்லாமல் வைத்திருப்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் அன்று நீ பேசியது நாலு சுவருக்குள் பேசியது இல்லை. ஊர் பார்த்தது, ஊருக்கு வெளியிலும் பார்த்தார்கள். அதற்கு உன் அப்பன் சொல்லும் பதிலும் நாலு பேர் பார்க்கிற இடத்திலேயே இருக்கட்டும். நேற்று அந்த வீட்டுப் பெண்ணிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். "எழுதுறதுன்னா எழுதுங்கண்ணே, பேர மட்டும் மாத்திப் போட்டுக்குங்க" என்றாள். அதனால் அவளுக்கு ராக்கம்மாள் என்றும் அவள் வீட்டுக்காரருக்குச் செல்லையா என்றும் பெயர் வைத்துக்கொள்கிறேன். உனக்கு அவள் அத்தை. சொந்தத்தில் இல்லை, பழக்கத்தில்.

நம்முடையது கடல் தொழில் செய்கிற குடும்பம் இல்லை. உன் தாத்தா விவசாயம் பார்த்தார். நான் கேபிள் தொழிலுக்கு வந்து, வயரைத் தோளில் போட்டுக்கொண்டு இந்தக் கடற்கரைத் தெருக்களில் தென்னை மரத்துக்கும் மாடிக்கும் கட்டிக்கொண்டு போனவன். முதன்முதலில் தன் வீட்டு மாடியில் கம்பம் நட இடம் கொடுத்தவர் செல்லையாதான். "நட்டுக்கங்கண்ணே, மழைக்கு ஒழுகாமப் பாத்துக்கங்க, அவ்வளவுதான்" என்றார். அன்றிலிருந்து பழக்கம். அவர் விசைப்படகில் டிரைவராகக் கடலுக்குப் போயிருக்கும் நாட்களில் அந்த வீட்டில் எது பழுதானாலும் ராக்கம்மாள் எனக்குத்தான் ஆள் அனுப்புவாள்.

செய்தி வாசிப்பவர்களை என்னைப்போலப் பார்த்தவன் இந்தப் பக்கத்தில் இருக்க மாட்டான். கேபிள் அறையில் எந்நேரமும் ஏதாவது ஒரு செய்திச் சேனல் ஓடிக்கொண்டே இருக்கும். தாளைப் பார்த்து வாசித்துவிட்டு வணக்கம் சொல்லிப் போன காலத்தையும் பார்த்தேன். பிறகு கேமராவுக்குக் கீழே எழுத்து ஓட, தலை குனியாமல் நம் கண்ணைப் பார்த்து வாசித்தார்கள். அப்புறம் நாற்காலியை எடுத்துவிட்டு நிற்க வைத்தார்கள், நடக்க வைத்தார்கள். ஒருவர் இருந்த இடத்தில் இருவர் வந்தார்கள். ஒரே வாக்கியத்தில் பாதியை ஒருவர் சொல்ல, மீதியை மற்றவர் முடித்தார். இப்போது மூன்று பேர். இருவர் நின்று பேச, மூன்றாமவர் சுவர் அளவு திரைக்கு முன்னால் நின்று விரலால் படத்தைத் தள்ளிக்கொண்டிருப்பார். இதெல்லாம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. நம் பக்கம் புயல் அடித்து எல்லாம் சாய்ந்து கிடந்தபோது, சென்னைச் செய்திச் சேனலில் நீயும் இன்னொரு நெறியாளரும் மாற்றி மாற்றி நாள் முழுக்க நின்றீர்கள். ஒருவர் போனில் அழுகிறவர்களிடம் பேச, மற்றவர் எந்த ஊருக்கு என்ன தேவை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இங்கே கரண்ட் இல்லாததால் நான் அதைப் பார்க்கவில்லை. ஆனால் தண்ணீர் லாரியோடு வந்த திருச்சிப் பையன்கள், டிவியில் கேட்டுத்தான் வந்தோம் என்றார்கள். தனியாக ஒருவர் வாசித்திருந்தால் அது நடந்திருக்காது. கூட ஒருவர் நிற்பது அதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

உனக்கும் அது தெரியாமல் இல்லை. கல்லூரி விடுமுறையில் நம்முடைய லோக்கல் சேனலில் கோயில் திருவிழாவை நேரடியாகக் காட்டினோம். நீயும் ஐஸ் கம்பெனிக்காரர் மகளும் மைக் பிடித்தீர்கள். தேர் திரும்பும் இடத்தில் அந்தப் பெண்ணுக்குப் பேச்சு நின்றுபோனது. பயத்தில் வாய் வரவில்லை. நீ அவளை ஒரு கேள்வியும் கேட்காமல், அவள் சொல்ல வந்ததையே எடுத்து நீ சொல்லி, "இல்லையா?" என்று அவள் பக்கம் மைக்கைத் திருப்பினாய். "ஆமாம்" என்றாள், அதன் பிறகு அவளாகவே பேசினாள். இவன் இந்த வேலைக்குத்தான் பிறந்திருக்கிறான் என்று அன்று உன் அம்மாவிடம் சொன்னேன். சென்னையில் மாலைச் செய்தியில் உன்னை மூவரில் ஒருவனாக நிறுத்தியபோது கடற்கரைத் தெருவில் மிட்டாய் கொடுத்தேன். அந்தப் பொங்கலுக்கு வந்திருந்தபோது நீதான் எனக்கு விளக்கினாய். "ஒரே ஆளு வாசிச்சா இப்ப யாரும் நின்னு பாக்குறதில்லப்பா. ரெண்டு பேரு இருந்தா ஒருத்தர் கேப்பாரு, ஒருத்தர் ஆறுதலாப் பேசுவாரு. பாக்குறவங்க ரெண்டு பக்கமும் இருப்பாங்கள்ல." நான் தலையாட்டிக்கொண்டு கேட்டேன். அதில் கேட்கப்படுகிறவர் யார் என்று நான் உன்னைக் கேட்கவில்லை.

செல்லையா போன படகு கடல் எல்லை தாண்டியதாக அந்தப் பக்கத்துக் கடற்படையிடம் பிடிபட்டது. இங்கே அது அடிக்கடி நடப்பதுதான். முதலில் போன் வரும், பிறகு பெண்கள் சாலையில் உட்காருவார்கள், மைக்கோடு ஆட்கள் வந்து அழுவதைப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். ராக்கம்மாள் இந்தத் தடவை மைக் முன்னால் போகவே இல்லை. அவளுடைய பயம் வேறு. செல்லையாவுக்குச் சர்க்கரை நோய், தினமும் ஊசி போட வேண்டும். படகில் இருந்த மருந்து அவரோடு போனதா இல்லையா என்றே தெரியவில்லை. இன்னொன்றும் இருந்தது. பல வருஷத்துக்கு முன் வேறொருவர் படகில் போனபோது செல்லையா ஒருதடவை பிடிபட்டு, இனி வரமாட்டேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டுத் திரும்பியவர். இரண்டாவது தடவை என்றால் மற்றவர்களை விட்டாலும் அவரை விடமாட்டார்கள். அதைப் பற்றி வெளியே மூச்சுவிட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். ராக்கம்மாள் என்னிடம் மட்டும் சொன்னாள்.

அப்போதுதான் நீ போன் செய்தாய். "ராக்கம்மா அத்தைய நம்ம ஷோவுல பேச வைப்போமாப்பா? அந்த மருந்து விசயத்த அவங்க வாயால சொன்னா எங்கிட்டாவது போய்ச் சேரும். நான்தான இருக்கேன்." எனக்கு அது சரியாகப் பட்டது. கூடவே, "மாமா முன்னாடி எப்பவாச்சும் மாட்டிருக்காரா?" என்று கேட்டாய். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் கேட்பதுபோலக் கேட்டாய். நானும் அப்படித்தான் சொன்னேன். "ஒருவாட்டி மாட்டிருக்காரு. ஆனா அது நமக்குள்ள இருக்கட்டும்யா. வக்கீலு சொல்ல வேணாம்னுருக்காரு." நீ, "சேச்சே, எனக்குத் தெரியாதாப்பா" என்றாய். அந்தச் சேச்சே இன்னும் என் காதில் இருக்கிறது.

ராக்கம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. "வேணாண்ணே, அவங்க ஒன்னு கேப்பாங்க, நான் ஒன்னு சொல்லிப்புடுவேன்" என்றாள். நான்தான் விடாமல் பேசினேன். "கேக்கப் போறது யாரு? நம்ம பையன். ஊசி விசயத்த மட்டும் சொல்லு, போதும்." அதற்குமேல் அவள் மறுக்கவில்லை. அன்று சாயங்காலம் ஐஸ்பெட்டியின் மேல் அவள் மகளின் போனைச் சாய்த்து வைத்து, முகம் தெரியும்படி ஸ்டூலை நகர்த்திப் போட்டேன். சத்தம் எதிரொலிக்கும் என்பதால் வீட்டு டிவியை அணைக்கச் சொன்னேன். அதனால் தன்னை எப்படிக் காட்டுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. உன் குரல் மட்டும்தான் அவளுக்குத் துணை. நான் அடுத்த தெருவில் இருக்கும் கேபிள் அறைக்குப் போய்ப் பார்க்க உட்கார்ந்தேன்.

உன் பக்கத்தில் நின்ற பெண் நெறியாளர் முதலில் கேட்டார். "அம்மா, இந்த நேரத்தில் உங்கள் மனநிலை எப்படி இருக்கிறது?" ராக்கம்மாள், "என்னத்தங்க சொல்றது. அவருக்குச் சுகருங்க. தெனமும் ஊசி போடணும். அத எப்புடியாச்சும் அங்கிட்டுச் சேக்கச் சொல்லுங்க" என்று ஆரம்பித்தாள். மருந்தின் பெயரை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். அதைச் சொல்ல வாயெடுக்கும்போது நீ, "ஒரு நிமிடம் அம்மா" என்றாய். மூன்றாமவர் சுவரில் கடல் வரைபடத்தை இழுத்து விரித்தார். சிவப்புக் கோடு ஒன்று, அதைத் தாண்டி ஒரு குட்டிப் படகு. நீ ஒரு அடி முன்னால் வந்து நின்றாய். உன் குரலே மாறியிருந்தது. "உங்கள் கணவர் பிடிபடுவது இது முதல்முறை இல்லையே. முன்பே ஒருமுறை பிடிபட்டு, இனி வரமாட்டேன் என்று எழுதிக்கொடுத்தவர்தானே?"

நான் எழுந்துபோய் மெயின் சுவிட்சை இறக்கினேன். இன்வெர்ட்டரையும் அணைத்தேன். அறையிலிருந்த எல்லாச் சின்ன விளக்குகளும் அணைந்தன. கம்பம் நட்ட நாளிலிருந்து நானாக இந்த ஊரின் டிவியை நிறுத்தியது அந்த ஒரு தடவைதான். என் ஊர்க்காரர்களாவது அவளை அப்படிப் பார்க்க வேண்டாம் என்று தோன்றியது. பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கேபிள் போய்விட்டதென்று கேட்கிறார்கள். எடுக்காமல் அவள் வீட்டுக்கு ஓடினேன்.

நான் வாசலுக்கு வந்தபோது நீ இன்னும் கேட்டுக்கொண்டிருந்தாய். "ஆமா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்." அவள் ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "தம்பி, நீ நம்ம அண்ணன் மகன்தான? ஒனக்குத் தெரியாததா?" என்றாள். அதற்கு நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "அம்மா, நான் இங்கே நெறியாளராகக் கேட்கிறேன்." அத்தை என்று கூப்பிட்டுப் பழகிய வாய். அவள் திரும்பி, வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். போனில் விளம்பரச் சத்தம் வந்தது, பிறகு தொடர்பு போய்விட்டது. அவள் கத்தவில்லை, அழவும் இல்லை. "ஒங்ககிட்டத்தாண்ணே சொன்னேன்" என்றாள். அவ்வளவுதான். நான் சொன்னது என் மகனிடம்.

சுவிட்சை இறக்கியதால் ஒன்றும் ஆகவில்லை. நான் திரும்பி வந்து விளக்கைப் போடுவதற்குள் எல்லார் போனிலும் அது வந்துவிட்டது. "திணறிய மீனவர் மனைவி, மடக்கிய நெறியாளர்" என்று தலைப்பு. கீழே உன்னைப் பாராட்டி வரிசையாக எழுதியிருந்தார்கள். டீக்கடையில் நான் போனால் போனைக் கவிழ்த்து வைத்தார்கள். கடைசியில் நானும் பார்த்தேன். நீங்கள் மூவரும் ஒரே நேரத்தில் பேசும் இடத்தில், திரையின் ஓரத்துச் சின்னக் கட்டத்தில் அவள் இருக்கிறாள். சத்தத்தை அடைத்துவிட்டீர்கள். ஆனால் அவள் பேசிக்கொண்டுதான் இருக்கிறாள். அந்த வாயசைவு எனக்குப் புரிந்தது. மருந்தின் பெயரைச் சொல்கிறாள்.

மறுநாள் காலையில் உன்னைக் கூப்பிட்டேன். நீ எடுத்ததுமே, "அது என் கேள்வி இல்லப்பா" என்றாய். "காதுல மாட்டிருக்குறதுல சொல்லிக்கிட்டே இருப்பாங்க. மூணு பேரு நிக்கிறோம்ல, ஒருத்தர் எறங்கிப் பேசுனா இன்னொருத்தர் ஏறிப் பேசணும். அதுதான் ஃபார்மேட்டு. நேத்து ஏறிப் பேசுறது எனக்கு வந்துச்சு."

"சரிய்யா. காதுல சொன்னவருக்கு அந்த விசயம் எப்படித் தெரியும்?"

யாரோ உன்னைக் கூப்பிடுவது கேட்டது. பிறகு, "காலைல மீட்டிங்ல சொன்னேன்பா. ஸ்டோரிக்குப் பின்னணின்னு சொன்னேன். அவங்க அத எடுத்துக்குவாங்கன்னு நெனைக்கல" என்றாய்.

நினைக்காமல் இருந்திருப்பாயா? எத்தனை வருஷமாக அந்த வேலையில் இருக்கிறாய். நான் கேபிள்காரன், எனக்கே தெரியும், அந்த மாதிரி ஒன்று கையில் கிடைத்தால் விடமாட்டார்கள் என்று. என் கோபம் நீ கடுமையாகக் கேட்டதில் இல்லை. கடுமையாகக் கேட்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கேள். நான் மகன் என்று நம்பிச் சொன்னதை நீ ஒரு மேசையில் கொண்டுபோய் வைத்தாய். பிறகு, அது யார் வாயிலிருந்து வரப்போகிறது என்று தெரிந்தும் அங்கே நின்றாய். தனியாக உட்கார்ந்து வாசித்தவருக்குத் தவறு வந்தால் அவரே மறுநாள் வருத்தம் சொல்லிவிட்டு வாசிப்பார். மூவர் நிற்கும் இடத்தில் கேள்வி காதில் சொன்னவருடையது, குரல் உன்னுடையது, படம் சுவரில் இருப்பவருடையது. தவறு மட்டும் யாருக்கும் சொந்தமில்லாமல் தரையில் கிடக்கிறது. அதை ராக்கம்மாள்தான் எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கு அரைகுறையாகத் தெரியும். படகில் இருந்த மற்றவர்கள் திரும்பி வந்தார்கள். செல்லையா வரவில்லை, அங்கே சிறைத் தண்டனை ஆகிவிட்டது. வக்கீலைக் கேட்டேன். "பழைய பதிவு அவங்ககிட்டயே இருந்திருக்கும்ங்க. டிவில சொன்னதாலதான்னு சொல்ல முடியாது" என்றார். அதனால் உன்மேல் அந்தப் பழியை நான் போடவில்லை. ஆனால் இல்லை என்றும் யாராலும் ராக்கம்மாளிடம் சொல்ல முடியவில்லை. கடற்கரைத் தெருவில் சில வீடுகளில் கேபிள் பெட்டியைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்கள். காரணம் கேட்கவில்லை, வாங்கிக்கொண்டேன்.

ஒன்று உனக்குத் தெரியாது. உன் பக்கத்தில் நின்ற அந்தப் பெண் அடுத்த வாரம் என்னைக் கூப்பிட்டார். நம்பரை எங்கிருந்தோ தேடிப் பிடித்திருக்கிறார். "சார், அந்த மருந்துப் பேரு என்ன? அன்னைக்குக் கேக்கவே இல்ல நாங்க" என்றார். சொன்னேன். அக்கரையில் இருக்கும் ஒரு வக்கீல் அம்மா மூலமாக ஊசி செல்லையாவுக்குப் போய்ச் சேர்ந்தது. இன்றைக்கும் போகிறது. அந்தப் பெண்ணும் அதே ஃபார்மேட்டில்தான் நின்றார். இதை நான் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். நீயாக ஒருநாள், ஊசி என்ன ஆனது என்று கேட்பாய் என்று காத்திருந்தேன். நீ கேட்கவில்லை.

போன் பண்ணும்போதெல்லாம் "ஊர்ல என்னப்பா விசேசம்?" என்கிறாய். "ஒன்னுமில்லய்யா" என்கிறேன். விசேஷம் இல்லாமல் இல்லை. யார் வீட்டில் என்ன என்று எனக்குத்தான் முதலில் தெரியும். ஆனால் உன்னிடம் பேச வாயெடுத்தால், இதைச் சொல்லலாமா என்று ஒரு நொடி நிற்கிறேன். பெற்ற பிள்ளையிடம் பேசும்போது அந்த ஒரு நொடி வரக் கூடாது தம்பி. உனக்குப் பிள்ளை பிறந்து, அவன் வளர்ந்து, அவனிடம் நீ எதையும் யோசிக்காமல் சொல்லும்போது இது உனக்குப் புரியும். உன் மனைவியாக வரப்போகிற பெண்ணும் ராத்திரிச் சாப்பாட்டின்போது உன்னிடம் ஆயிரம் சொல்வாள். அவள் வீட்டுச் சண்டையைச் சொல்வாள், அண்ணன் பட்ட கடனைச் சொல்வாள். அதில் எதுவும் காலை மீட்டிங்குக்குப் போகக் கூடாது. கல்யாணத்துக்கு நான் சொல்லும் புத்தி இது ஒன்றுதான்.

நேற்றைக்கு வருகிறேன். உன் அம்மா தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் எடுத்துக்கொண்டாள். ராக்கம்மாள் மீன் ஏலம் முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் கையைக் கழுவிவிட்டு வந்து, "வாங்கண்ணே, வாங்க மதினி" என்று பாய் விரித்தாள். அம்மா குங்குமம் கொடுத்துப் பத்திரிகையை நீட்டினாள். ராக்கம்மாள் இரண்டு கையாலும் வாங்கி, மாப்பிள்ளை பெயர் இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பொண்ணு எந்த ஊருங்க?" என்று கேட்டாள். திருமயம் என்றேன். "நல்ல எடம்" என்றாள். டீ போட்டாள். சிறையில் செல்லையாவுக்குக் காலில் வந்திருந்த புண் ஆறிவிட்டதாம், சொன்னாள். குடித்துவிட்டுக் கிளம்பும்போது எனக்கு மனசு கேட்கவில்லை. "வருவியாம்மா?" என்றேன்.

"வாரேண்ணே. ஒங்க வீட்டு விசேசத்துக்கு வராம இருப்பேனா" என்றாள். வாசல்வரை வந்து நின்றாள். பிறகு குரலைத் தணித்து, உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"புதுக்கோட்டை மண்டபத்துல கேமராவெல்லாம் நெறய இருக்கும்ல மதினி. நான் பின்னாடி உக்காந்துக்குறேன். எம் பக்கம் மட்டும் திருப்ப வேணாம்னு தம்பிகிட்டச் சொல்லிருங்க."

சொல்லிவிட்டேன்.

அப்பா
ஜெகதாப்பட்டினம்